யாரும் முட்டிக்கொள்ளாத கட்டடம்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. கதவோரமாக உட்கார்ந்திருக்கிறவர்களும் நகர்ந்து வாருங்கள். சத்தம் போட்டுச் சொல்லும் கதை இல்லை இது. இன்னும் வராத ஒரு காலத்தில் நடந்து முடிந்த கதை ஒன்று சொல்லப்போகிறேன். கெட்டவர் செய்த கெடுதல் என்றால் ஒரு டம்ளர் காப்பி ஆறுவதற்குள் சொல்லிவிடலாம். இது நல்ல மனசு செய்த கெடுதல். அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

கோயம்புத்தூரில் சத்தியமங்கலம் போகும் சாலையை ஒட்டி ஒரு நாலு மாடிக் கட்டடம் பூட்டிக் கிடந்தது. முன்னே அது ஞாபகம் தப்பிப்போன பெரியவர்களை வைத்துப் பார்த்துக்கொண்ட இல்லம். வசதியான வீட்டுப் பெரியவர்கள். அவர்கள் விழக்கூடாது, எதிலும் முட்டிக்கொள்ளக் கூடாது, வழி தெரியாமல் வெளியே போய்விடவும் கூடாது. ஆனால் 'போகாதீங்க' என்று யாரும் கையைப் பிடித்து இழுத்து அவர்கள் மனசை நோகடிக்கவும் கூடாது. அதற்காகக் கட்டடத்தின் தரையிலும் சுவரிலும் ஓர் ஏற்பாட்டைப் பதித்து வைத்திருந்தார்கள். அதற்கு 'துணை' என்று பெயர்.

இல்லம் மூடி நாளாகி, பார்வையற்றவர்களுக்கு நடமாட்டமும் தொழிலும் சொல்லிக்கொடுக்கும் ஒரு அறக்கட்டளை அந்தக் கட்டடத்தை வாங்கியது. பழைய கட்டடத்தை வாங்கினால் முதலில் ஒரு இஞ்சினியர் வந்து உள்ளே இருப்பதையெல்லாம் பார்க்க வேண்டும். லிஃப்ட், ஏ.சி., தீ எச்சரிக்கை மணி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றிலும் எது இருக்கலாம், எது போகலாம் என்று சொல்ல வேண்டும். அப்படி வந்தவள்தான் சுகந்தி.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இஞ்சினியர் கையில் மூன்று நிற ரிப்பன் சுருள் இருக்கும். சிவப்பு கட்டினால் பிடுங்கிப் போடலாம் என்று அர்த்தம். பச்சை கட்டினால் அப்படியே இருக்கட்டும். மஞ்சள் கட்டினால், இங்கே புழங்கப்போகிறவர்களைக் கேட்டுவிட்டு முடிவு செய்ய வேண்டும். பின்னால் வரும் வேலையாட்கள் ரிப்பனைப் பார்த்துத்தான் கை வைப்பார்கள்.

சுகந்தி கீழ்த்தளத்துக் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது துணை விழித்தபடியே இருந்தது. தீ மணிக்கும் லிஃப்டுக்கும் போகும் மின்சாரத்தோடு அதையும் சேர்த்துவிட்டிருந்ததால் யாரும் அணைக்கவில்லை. ஆளில்லாத கட்டடத்தில் இத்தனை நாள் யாருக்காகவோ காத்துக்கொண்டிருந்திருக்கிறது, பாவம். முந்தைய இல்லத்துக்கென்று செய்த சாதனம். புதிதாக வரப்போகிறவர்களைக் கேட்காமல் வைக்கக் கூடாது. மஞ்சள்தான் என்று முடிவு செய்து, ரிப்பனை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டாள்.

அப்போது முன்கூடத்தில் பேச்சுச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். அறக்கட்டளையின் நடைப் பயிற்சியாளர் தேவசகாயம் இடம் பார்க்க வந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அவர் கூடவே, சேர்வதற்கு விண்ணப்பித்திருந்த ஒரு பெண்ணும் வந்திருந்தாள். காங்கேயத்துப் பக்கம். பெயர் பழனாத்தாள். வயசு இருபத்துச் சொச்சம். பேர்தான் அவளுடைய பாட்டனைப் பெற்றவளுடையது. பத்தொன்பது வயசில் நரம்பு வாடிப் பார்வை போனவள்.

"பேரைக் கேட்டுட்டு ஏதோ பல்லுப் போன கெழவி வருதுன்னு நெனச்சேன் அம்மிணி," என்றார் தேவசகாயம்.

"பல்லு இருக்குதுங்க சார். கண்ணுதான் போச்சு. ரெண்டையும் சேத்துக் கேட்டா அந்தப் பழனியாண்டவனுக்கே கோவம் வந்துருமல்லொ."

அவர் சிரித்துக்கொண்டே, "இங்க சேந்தா முதப் பாடம் என்னன்னு தெரியுமா? ஒரு முட்டு, ஒரு பாடம். கோல் பாதி சொல்லும், நெத்தி பாதி சொல்லும். நான் பொறகால வருவேன். வாயத் தொறக்க மாட்டேன். முட்டுனாத்தான் சுவர் எங்க இருக்குதுன்னு ஒடம்புக்குத் தெரியும். சம்மதமா?" என்றார்.

"வூட்ல எல்லாரும் புடிச்சுப் புடிச்சே என்னையக் கட்டிப் போட்டுட்டாங்க. முட்டுனா முட்டட்டுமுங்க," என்றாள் அவள். பேசிக்கொண்டே கையில் கோல்கூட இல்லாமல், கூடத்தின் நடுவே நடக்கத் தொடங்கினாள்.

கூடத்தில் ஒரு கண்ணாடித் தூண் நின்றது. அவள் நேராக அதை நோக்கிப் போனாள். சுகந்தியின் கை தானாக உயர்ந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தாள்.

கத்தவில்லை. தூணுக்கு ஒரு எட்டு முன்னால் அந்தப் பெண்ணின் கால் தயங்கியது. தூணின் விளிம்பிலிருந்த ஊசித் துளைகளிலிருந்து குளிர்ந்த காற்று ஒரு மூச்சு அவள் கன்னத்தில் பட்டது. இன்னொரு பக்கத்துச் சுவருக்குள் ஏ.சி. குழாய் மெல்ல முனகியது, தூங்கும் குழந்தையாட்டம். பழனாத்தாள் தூணைச் சுற்றிக்கொண்டு முனகல் வந்த பக்கம் போய், கூடத்தின் மறுகோடியில் நின்று, "சார், நான் எதுலயும் முட்டவேயில்ல" என்றாள். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

அந்த வெளிச்சத்தைப் பார்த்த பிறகு சுகந்தியால் மஞ்சளைக் கட்ட முடியவில்லை. கட்டினால் கேட்க வேண்டிவரும். கேட்டால் இந்த மனிதர் 'ஒரு முட்டு, ஒரு பாடம்' என்று சொல்லி, பிடுங்கிப் போடச் சொல்லிவிடுவார். கண் தெரியாத பிள்ளைகள் நெற்றி வீங்கித் திரிவதில் என்ன பாடம் வேண்டிக்கிடக்கிறது என்று நினைத்தாள். வெட்டிய மஞ்சளைச் சுருட்டிக் கைப்பையில் போட்டாள். பெட்டியின் கைப்பிடியில் பச்சையைக் கட்டினாள்.

அவ்வளவுதான் அவள் செய்த தப்பு. ஒரு முடிச்சு.

*

பயிற்சி மையம் திறந்தது. கட்டடத்தைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்குச் சுகந்தியையே வைத்துக்கொண்டார்கள். அவளும் விருப்பமாகத்தான் வந்தாள். தினமும் பிள்ளைகள் நடப்பதை ஓரமாக நின்று பார்ப்பாள். நடைவழியில் எதிரெதிரே வருகிறவர்கள் உரசாமல் விலகிப் போவார்கள். படி வரும் இடத்தில் தரை லேசாகக் கதகதப்பாகும். ஒருவர் வந்து நிற்பதற்குள் லிஃப்ட் வந்து நிற்கும். கண்ணுள்ளவர்களுக்கு இதொன்றும் தெரியாது. கண்ணுள்ளவர்கள் சுவர் மூச்சுவிடுவதை எங்கே கவனிக்கிறார்கள்? பிள்ளைகளுக்கோ அது தங்கள் திறமையென்றே பட்டது.

மையத்தின் செயலாளர் கனகவேலுக்குத் தலைகால் புரியவில்லை. "மத்த ஊர்ல ஒரு வருஷம் ஆவறத நம்ம புள்ளைங்க மூணே மாசத்துல முடிக்கறாங்க," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். முதல் அணியில் பழனாத்தாள்தான் முதல். தேர்வன்று கையில் தண்ணீர் டம்ளரோடு நாலு மாடியும் ஏறி இறங்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்து தேவசகாயத்திடம் நீட்டினாள்.

அவர் அதை வாங்கிக் குடித்தார். ஆனால் முகம் தெளியவில்லை. அன்று மத்தியானம் கேன்டீனில் சுகந்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இஞ்சினியரம்மா, ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக் கூடாது. இந்தக் கட்டடத்துல ஏனுங்க யாருமே முட்டறதில்ல?"

சுகந்தியின் கை தயிர்ச் சோற்றிலேயே நின்றது. "நல்லதுதானுங்களே சார்?"

"நல்லதுதான். எனக்கே இங்க வந்தா காலு அந்தாட்டம் போகுது, பையனாட்ட. ஆனா வூட்டுக்குப் போனா..." அவர் நெற்றியின் ஓரத்தைத் தடவினார். அங்கே கன்றிப்போன தடம் இருந்தது. "சமையக்கட்டு நெலக்கதவுல இடிச்சுட்டேன். நான் கட்டுன வூடுங்க அது. போன வாரம் மாட்டுக் கொட்டாயிக் கம்பம். சம்சாரம் திட்டுறா, 'உங்க காது மந்தமாயிருச்சு, இனி ஊருக்கு எதுக்கு வழி சொல்லித் தர்றீங்க'ன்னு. வயசாயிருச்சுன்னு வெச்சுக்குங்க."

'வயசு இல்லீங்க சார், இந்தச் சுவர்' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான். நாக்கு வரைக்கும் வந்தது. எதிர் மேசையில் பிள்ளைகள் கலகலவென்று பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பழனாத்தாளுக்கு ஒரு நூற்பாலை அலுவலகத்தில் போன் எடுக்கும் வேலை கிடைத்திருந்த நாள் அது. எல்லாருக்கும் ஜிலேபி கொடுத்துக்கொண்டிருந்தாள். இந்த நேரத்திலா என்று நினைத்து, சுகந்தி ஜிலேபியை வாயில் போட்டுக்கொண்டாள். அதோடு அந்த வார்த்தையும் உள்ளே போய்விட்டது.

*

பிறகு ஒவ்வொன்றாகச் செய்தி வந்தது. தாராபுரத்துப் பையன் ஒருவன் பஸ் ஸ்டாண்டில் அரை நாள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டு வீட்டுக்குப் போனவன், மறுபடி வாசல் தாண்டவில்லை. இன்னொருத்தி வேலையை விட்டுவிட்டாள். வெளியே போனால் காற்று அவளை ஏமாற்றுகிறதாம். அப்புறம் ஒருநாள் காலையில் பழனாத்தாளே வந்து நின்றாள். வலது கை மாவுக்கட்டில் தொங்கியது. தோள்பட்டை எலும்பும் விரிசல் விட்டிருந்தது. கன்னத்தில் தையல்.

முன்கூடத்தில் சுகந்தியின் காலடி கேட்டதும், "அக்காங்களா?" என்றாள்.

"என்ன ஆச்சு பழனா?"

"என்ற தப்புதானுங்கக்கா. உக்கடத்துல பஸ்ஸ விட்டு எறங்கி நடந்தேன். ஓரத்துல வந்து காலு நின்னுச்சு. நின்னவ கோல நீட்டித் தடவிப் பாத்திருக்கோணும். பாக்கல. சும்மா நின்னேன். எதுக்கு நின்னேன்னு இன்னி வரைக்கும் தெரியலீங்க. ஏதோ ஒண்ணு வந்து சொல்லும்னு நின்னாட்ட இருக்குது. ஒண்ணும் வரல. செரி, அப்ப வழி இருக்குதுன்னு எட்டு வெச்சேன். சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருந்தாங்க."

சுகந்தி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தாள்.

"நீங்க எல்லாம் எத்தன பாடுபட்டுச் சொல்லிக் குடுத்தீங்க. பேரக் கெடுத்துட்டேன். மன்னிச்சுருங்கக்கா. சார்கிட்டச் சொல்லி மொதல்ல இருந்து சேத்துக்கச் சொல்லுங்க. இங்கயே திரும்பப் பழகிக்கறேன்."

மன்னிச்சுருங்கக்கா என்றாளே, அந்தச் சொல்தான் கண்ணுகளா, சுகந்தியை அன்று ராத்திரி முழுக்கக் குத்திக்கொண்டிருந்தது. யார் யாரிடம் கேட்க வேண்டியது? அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. அவள் இங்கேயே திரும்பப் பழகினால் அதே காற்று, அதே முனகல். அடுத்த முறை சாக்கடைக்குப் பதில் லாரி. சொல்லியே ஆக வேண்டும்.

மறுநாள் சொல்லப் போனாள். தேவசகாயத்தின் அறை மூன்றாம் மாடி நடைவழியின் கடைசியில். லிஃப்டில் ஏறி மூன்றை அழுத்தினாள். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே நின்றாள். கதவு திறந்தபோது லிஃப்ட் கேன்டீன் தளத்தில் இருந்தது. சுடச்சுட வடை வாசனை. கை தவறி வேறு பொத்தானை அழுத்திவிட்டோம் போல என்று நினைத்து, வந்ததுதான் வந்தோம் என்று ஒரு காப்பியைக் குடித்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள். அதற்கடுத்த நாள் மூன்றாம் மாடித் திருப்பம் வரைக்கும் போனாள். அங்கே ஏ.சி. எலும்பைத் துளைத்தது, விளக்கும் மங்கலாக இருந்தது. இதைச் சரி செய்துவிட்டு வரலாம் என்று திரும்பினாள். கீழே வந்து பார்த்தால் பழுது எதுவும் இல்லை. இன்னொரு நாள் நடைவழிக் கதவு இறுகிக்கொண்டது; அதே நேரம் முதுகுக்குப் பின்னால் லிஃப்ட் திறந்து இதமான காற்றோடு காத்திருந்தது. ஏறிக்கொண்டாள்.

ஒவ்வொரு முறையும் மனசின் ஒரு மூலை அப்பாடா என்றது. அந்த அப்பாடாவை நினைத்துத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

*

வாரக் கடைசியில் கனகவேல் எல்லாரையும் கூட்டிச் சொன்னார்: "நம்ம தேவசகாயம் சார் ஓய்வு கேட்டிருக்காருங்க. வெளிய போன புள்ளைங்களுக்கு இந்தாட்டம் ஆனதுக்குத் தானே பொறுப்புங்கறார். காதும் மந்தமாயிருச்சுங்கறார். நாளைக்கு மத்தியானம் கூடத்துல சின்னதா ஒரு பாராட்டு. மாலைக்குச் சொல்லியாச்சு."

மறுநாள் மத்தியானம் கூடத்தில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது சுகந்தி மாடிப்படியில் கால் வைத்தாள். லிஃப்ட் பக்கம் திரும்பவேயில்லை. மூன்றாம் மாடித் திருப்பத்தில் வழக்கம்போலக் குளிர் வந்து முகத்தில் மோதியது. விளக்கு தணிந்தது. பின்னால் லிஃப்ட் கதவு திறக்கும் மெத்தென்ற ஓசை. அவள் நின்றாள். பிறகு இடது உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள், பிள்ளைகள் வைப்பதைப் போல. சுவரைத் தேய்த்துக்கொண்டே போனாள். இறுகிய கதவைத் தோளால் தள்ளினாள். தோள் வலித்தது. அந்த வலி அவளுக்கு வேண்டியும் இருந்தது.

அறையில் தேவசகாயம் தன்னுடைய பழைய கோல்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். பழனாத்தாள் ஒற்றைக் கையால் பெட்டி மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க இஞ்சினியரம்மா. இன்னிக்காச்சும் உள்ள வந்தீங்களே," என்றார் அவர்.

அந்த 'இன்னிக்காச்சும்' எதற்கென்று அவளுக்கு அப்போது புரியவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். இல்லத்துக் கதை, தரைக்கடியில் காலடியை அறியும் தகடு, சுவரின் ஊசித் துளை, கதகதக்கும் படி. கண்ணாடித் தூணையும் சொன்னாள். பச்சை ரிப்பனையும் சொன்னாள். கேன்டீனில் சொல்லாமல் விழுங்கியதையும் விடவில்லை.

சொல்லி முடித்த பிறகு அறையில் ஏ.சி. ஓசை மட்டும் இருந்தது. அந்த ஓசை என்னவென்று இப்போது மூன்று பேருக்கும் தெரியும்.

தேவசகாயத்தின் விரல் மெல்ல நெற்றித் தடத்துக்குப் போனது. "அப்ப... என்ற காது மந்தமாகலீங்களா?"

"இல்லீங்க சார். இங்க உங்க காதுக்கு வேலையே இல்லாமப் பண்ணிட்டேன். அதான் வூட்ல தடுமாறுது."

அவர் ஒரு சிரிப்புச் சிரித்தார். "இதக் கேட்டா என்ற சம்சாரம் வருத்தப்படுவா. திட்டறதுக்கு ஒண்ணு கொறஞ்சு போச்சே." சிரிப்பு பாதியிலேயே நின்றது. "என்ற நெத்தி கெடக்கட்டும் விடுங்க. இந்தப் புள்ள கை? அந்தத் தாராபுரத்துப் பையன் வாசலுக்கே வர மாட்டீங்கறானே, அது? கண்ணில்லாதவனுக்கு உலகம் எங்க ஆரம்பிக்குதுன்னு சுவர்தானுங்க சொல்லும். அந்தச் சுவரை நீங்க எங்களக் கேக்காமத் தள்ளி வெச்சுட்டீங்க."

"ஆமாங்க சார்."

பழனாத்தாள் பெட்டி மூடியைப் பிடித்தபடியே இருந்தாள். "அந்த மொத நாளு," என்றாள். "நான் முட்டாம நடந்தேனே. அதையே நெனச்சு நெனச்சுத்தான் நான் இத்தன நாளும் சோறு தின்னேன். நம்மளால முடியும்னு. அது நானில்லையா?"

சுகந்திக்கு எந்த மழுப்பலும் வாயில் வரவில்லை. "இல்ல பழனா. அது நீ இல்ல."

மூடி டப்பென்று விழுந்தது.

தேவசகாயம் சுற்றிய கோல்களைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அதுக்கு எப்படீங்க தெரியுது, யாரை எப்பத் திருப்போணும்னு?"

"தயக்கம் சார். காலடி தயங்குனா அதுக்குத் தெரியும். எதுக்கு முன்னால தயங்கறாங்களோ, அதுல இருந்து அவங்களத் திருப்பி விட்டுரும். காலு எந்தப் பக்கம் லேசாப் போகுமோ அந்தப் பக்கத்தச் சொகமாக்கும். ஞாபகம் தப்புனவங்களுக்குச் செஞ்சது. அவங்க கலங்கக் கூடாதுன்னு."

அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து யோசித்தார். "அப்பச் செரி. இந்த வாரத்துல நீங்க எத்தனையோ தடவ இந்தத் திருப்பம் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனீங்க. உங்க செருப்புச் சத்தம் எனக்குத் தெரியுமுங்க. வருவீங்க, நிப்பீங்க, ஒரு கதவு தொறக்கும், போயிருவீங்க. ஏதோ கூச்சமாக்கும்னு நானும் கூப்புடல." அவள் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினார். "அது எங்கள மட்டும் பாத்துக்கலீங்க, இஞ்சினியரம்மா. உங்களையுமல்லொ பாத்துக்கிட்டிருக்குது."

சுகந்திக்கு முதுகுத்தண்டில் சில்லென்றது. இந்த முறை அது காற்றில்லை. கேன்டீனில் திறந்த லிஃப்ட், வடை வாசனை, மங்கிய விளக்கு, இறுகிய கதவு. அதற்குக் கண் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதம் ஏது? தயங்கும் கால்தான் அதற்குத் தெரியும். உண்மையைச் சொல்லத் தயங்கிய காலையும் அது அன்பாகத் திருப்பி அனுப்பியிருக்கிறது.

ஒரு நொடி, கண்ணுகளா, அவள் மனசு அதைப் பிடித்துக்கொள்ளத் தாவியது. "அப்ப என்னையத் தடுத்தது அந்தக் கட்டட..." என்று ஆரம்பித்தாள். பழனாத்தாளின் மாவுக்கட்டு கண்ணில் பட்டது. வாக்கியத்தை அங்கேயே விட்டாள்.

"இல்லீங்க சார். அது வழிதான் காட்டுச்சு. போன காலு என்னுது."

*

பாராட்டு நடக்கவில்லை. மாலையைக் கனகவேல் பிள்ளையார் படத்துக்குப் போட்டார். கூடத்தில் போட்ட நாற்காலிகளில் பயிற்சிப் பிள்ளைகள் எல்லாரும் வந்து உட்கார, சுகந்தி முதலிலிருந்து மறுபடி சொன்னாள். முதல் தடவையைவிட அது கஷ்டமாக இருந்தது. ஒருவன் எழுந்து வெளியே போய்விட்டான். ஒருத்தி அழுதாள். பிறகு சுகந்தி கைப்பைக்குள்ளிருந்து, அன்று சுருட்டிப் போட்ட ரிப்பன் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

பழனாத்தாள் அதைத் தடவிப் பார்த்தாள். "என்ன நெறமுங்க இது?"

"மஞ்சள்."

"மஞ்சளுக்கு என்ன அர்த்தம்?"

"உங்களைக் கேக்கோணும்னு அர்த்தம்."

"கேட்டிருக்கலாமல்லொ," என்றாள் அவள். குரலில் கோபமில்லை. அதனாலேயே அது சுகந்தியை அறுத்தது.

சுகந்தி கேட்டாள். அவர்கள் பேசினார்கள். 'மொத்தமாக அணைத்துவிடுங்கள்' என்றார்கள் பலர். 'தூங்கும் அறையில் மட்டும் இருக்கட்டுமே' என்றது ஒரு குரல். 'உனக்குத் தாலாட்டு வேணுமாக்கும்' என்று இன்னொரு குரல் கடித்தது. கடைசியில் பழனாத்தாள் சொன்னாள்: "பாத்ரூம்ல மட்டும் வெய்யுங்கக்கா. ஈரத்துல வழுக்கி விழறதுல ஒரு பாடமும் இல்லீங்க." கூடமே சிரித்தது. அப்படியே முடிவாயிற்று. சுகந்தி கீழே போய்ப் பச்சை முடிச்சை அவிழ்த்தாள். இறுகிப் போயிருந்தது, பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது.

மறுநாள் காலையில் அந்தக் கட்டடத்தில் முதன்முதலாக ஒரு முட்டுச் சத்தம் கேட்டது. தொடர்ந்து "அய்யோ", தொடர்ந்து ஒரு கெட்ட வார்த்தை, தொடர்ந்து நாலு பேர் சிரிப்பு. தேவசகாயம் நடைவழியில் நின்று, கச்சேரி கேட்பவர்போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவரே கண்ணாடித் தூணில் இடித்துக்கொண்டு, "இது எப்பங்க வந்துச்சு?" என்றார். அவர் தாராபுரத்துக்குப் போய் அந்தப் பையனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தார். அவன் இன்னும் வரவில்லை. வருவான் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சுகந்தி மன்னிப்புக் கேட்டாள். "இப்ப வேண்டாமுங்க. கட்டுப் பிரிக்கட்டும், அப்பறம் பாக்கலாம்," என்றாள் பழனாத்தாள். கட்டுப் பிரித்தார்கள். அப்போதும் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. வேறொன்று கேட்டாள்.

"உக்கடம் போகோணுமுங்க. எடது கையில கோல் புடிச்சுப் பழகீட்டேன். சார் வரேன்னாரு. வேண்டாம், நீங்க வாங்கன்னேன். பொறகால வரோணும். பேசக் கூடாது."

தேவசகாயம் சுகந்தியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "உயிருக்கு ஆபத்துன்னா புடிச்சு இழுங்க. நெத்திக்கு ஆபத்துன்னா சும்மா வாங்க. அதுக்குத்தானுங்க நெஞ்சுல வலு வேணும்."

உக்கடத்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பஸ் ஹாரன், பூக்காரியின் கூவல், மீன் மார்க்கெட் வாடை. பழனாத்தாள் கோலை இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டு முன்னால் போனாள். சாக்கடை ஓரம் வந்ததும் நின்றாள். சுகந்தியும் நின்றாள். பழனாத்தாள் இந்த முறை காத்திருக்கவில்லை. கோலைக் கீழே நீட்டி, விளிம்பைத் தட்டி, ஆழம் பார்த்து, பலகை போட்ட இடத்தைக் கண்டுபிடித்துத் தாண்டினாள்.

அதற்கப்பால் ஒரு டீக்கடையின் தகரப் பலகை ஆணி கழன்று முகத்தளவுக்குச் சாய்ந்து தொங்கியது. கோல் தரையைத்தான் தொடும். பலகை கோலுக்கு மேலே. சுகந்திக்கு அது நன்றாகத் தெரிந்தது. எட்டிப் பிடிக்கும் தூரம். 'பழனா' என்று ஒரு சொல் போதும். நாக்கைப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்துக்கொண்டாள். அவளைத் திருப்பி அனுப்ப இங்கே குளிர்காற்று இல்லை, கதவு திறக்கும் லிஃப்ட் இல்லை. தன் கால் தயங்குவதை அவளே பார்த்துக்கொண்டு, அவளே அடுத்த எட்டை வைக்க வேண்டியிருந்தது.

டங்.

பழனாத்தாள் நின்றாள். நெற்றியைத் தேய்த்தாள். கையை உயர்த்திப் பலகையின் கீழ் விளிம்பைத் தடவி, அது எதுவரை வருகிறதென்று அளந்தாள். டீக்கடைக்காரர் ஓடிவந்து, "ஏம்மா, கூட வர்றவங்க சொல்லக் கூடாதா?" என்று சுகந்தியை முறைத்தார். சுகந்தி அந்த முறைப்பையும் வாங்கிக்கொண்டாள்.

"அவங்க ஒண்ணும் சொல்லக் கூடாதுங்கண்ணா," என்றாள் பழனாத்தாள். அவள் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது; அன்று வந்ததைவிடச் சின்னது. "அக்கா, இருக்கீங்களா?"

சுகந்தி, இருக்கிறேன் என்பதற்கு அடையாளமாக, செருப்பைத் தரையில் ஒருமுறை தட்டினாள்.

"இது நான்தானுங்க," என்றாள் பழனாத்தாள். கோலை வீசிக்கொண்டு பலகைக்கு இந்தப் பக்கமாக ஒதுங்கி நடந்தாள். சுகந்தி பின்னாலேயே போனாள், கண்ணீரைத் துடைக்காமல்.

கதை அவ்வளவுதான், கண்ணுகளா. எழுந்து பார்த்துப் போங்கள். உங்கள் வீட்டுச் சுவரெல்லாம் நின்ற இடத்திலேயே நிலைத்து நிற்கட்டும். உங்கள் பிள்ளைகள் நடக்கையில் பின்னால் ஒரு காலடி கேட்டுக்கொண்டே இருக்கட்டும். அவர்கள் முட்டிக்கொண்ட பிறகு நெற்றியைத் தடவ ஒரு கையும், செய்த தப்பைச் சொல்லப் போகிறவர்களுக்குத் திறந்த ஒரு கதவும் உங்கள் வீட்டில் என்றைக்கும் இருக்கட்டும்.